ஓவியத்துக்கு விலை சொன்ன கிளிமானூர்க்காரர்

ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு மாலை. தம்பானூரில் ரயில் நிலையத்துக்கு எதிர்ப்புறம் ஒரு சாயாக் கடையில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பக்கத்து மேஜையில் ஒரு பேரம் நடந்துகொண்டிருந்தது. ஒருபுறம், நாகர்கோவில் வண்டியில் வந்திறங்கிய பெண்ணின் தகப்பனார். மறுபுறம், இரண்டு கனத்த பைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு ஓர் இளைஞர். எந்த ஸ்டூடியோவிலும் மாதச் சம்பளத்துக்கு இல்லாமல், அழைத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்ப் படம் எடுத்துக் கொடுக்கும் போட்டோகிராபர் அவர்.

பெரியவருக்கு ஒரே ஒரு சந்தேகம். மூத்த மகள் கல்யாணத்தின்போது பிலிம் வாங்க வேண்டும், கழுவ வேண்டும், பிரிண்டு போட வேண்டும். அத்தனை செலவும் இருந்தது. இப்போது பிலிமும் இல்லை, கழுவலும் இல்லை. ஆனால் கேட்கும் தொகை மட்டும் பல மடங்கு. விரலால் ஒரு பித்தானை அமுக்குவதற்கா இவ்வளவு பணம் என்று தம்பியிடம் அவர் கோபமில்லாமல்தான் கேட்டார். தம்பியும் அண்ணாச்சி, அண்ணாச்சி என்று மரியாதை குறையாமல் கணக்குச் சொன்னார். காமிராவின் விலை, அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது, உடன் வரும் இரண்டாவது ஆளின் கூலி, போக வர வண்டிச் செலவு, கல்யாணம் முடிந்த பிறகு கம்ப்யூட்டர் முன் உட்காரும் நாட்கள், ஆல்பம் கட்டுகிறவருக்குக் கொடுப்பது, ஆடியிலும் மார்கழியிலும் வேலை இல்லாமல் கிடப்பது. பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுத் தலையை ஆட்டினார். பிறகு, தாம் முதலில் சொன்ன பாதித் தொகையையே மறுபடியும் சொன்னார். அதற்குள் என் பஸ் வந்துவிட்டது.

வழியெல்லாம் எனக்கு நினைவில் நின்றவர் ராஜா ரவிவர்மா. நம் வீடுகளில் லட்சுமியையும் சரஸ்வதியையும் காலண்டர் வழியாகக் கொண்டுவந்து நிறுத்திய ஓவியர் என்று அவரை எல்லோரும் அறிவார்கள். ஆனால் அவர் தம் தொழிலை நடத்திய விதத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஒரு சமஸ்தானத்திலும் நிரந்தரமாகக் கட்டுண்டு கிடக்காமல், அழைத்தவரிடம் போய், வேலைக்கு விலை பேசி, முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் புறப்பட்ட மனிதர் அவர். தம்பானூர் சாயாக் கடையில் அந்த இளைஞர் சொன்ன கணக்கின் ஒவ்வொரு வரியும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே ரவிவர்மாவின் வாழ்க்கையில் வந்து போயிருக்கிறது.

ரவிவர்மா பிறந்தது 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் தேதி, திருவனந்தபுரத்துக்கு வடக்கே உள்ள கிளிமானூரில். திருவிதாங்கூர் அரச குடும்பத்தோடு நெருங்கிய உறவு கொண்ட குடும்பம். அரச குலத்தைக் காத்த நன்றிக்காக 1753ல் மார்த்தாண்டவர்மா மகாராஜா கிளிமானூருக்குத் தனி உரிமைகளை அளித்திருந்தார். ஆகவே, சோற்றுக்காகத் தூரிகை பிடிக்க வேண்டிய நிலை அந்தப் பிள்ளைக்கு இல்லை. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அவர் ஓவியத்துக்குப் பணம் வாங்கியபோது எழுந்த முணுமுணுப்புக்கு இதுவே காரணம்.

சுவரில் கரிக்கட்டியால் கிறுக்கிக்கொண்டிருந்த சிறுவனின் கையில் வித்தை இருப்பதைக் கண்டவர் தாய்மாமன் ராஜராஜவர்மா. மாமனே ஓர் ஓவியர். அவருக்குக் கற்றுக் கொடுத்தவர் ஒரு தமிழர் நாட்டு ஆசான். சுவாதித் திருநாள் காலத்தில் மதுரையிலிருந்து வந்து திருவிதாங்கூர் அரண்மனையில் பணி செய்த அளகிரி நாயுடு. ஆக, ரவிவர்மாவின் முதல் பாடத்தில் மதுரையின் கைவண்ணமும் கலந்திருந்தது என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

1862ல், பதினான்கு வயதில், மாமனுடன் திருவனந்தபுரத்துக்கு வந்தார். அப்போது ஆட்சியில் இருந்த ஆயில்யம் திருநாள் மகாராஜா பையனின் திறமையைக் கண்டு, கோட்டைக்கு அருகே தங்க வைத்து, அரண்மனைச் சித்திரங்களைப் பார்த்துப் பழக வழி செய்தார். ஆனால் எண்ணெய் வண்ணத்தின் ரகசியத்தைச் சொல்லிக் கொடுக்க எவரும் முன்வரவில்லை. அரண்மனை ஓவியரான மதுரை ராமசாமி நாயக்கர் கற்றுத் தர மறுத்தார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை என்பவர் இரவு வேளைகளில் மறைவாக வந்து சில நுட்பங்களைக் காட்டிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். 1868ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரச குடும்பத்தாரைத் தீட்ட வந்தார். அவரும் கற்றுக் கொடுக்கவில்லை. தாம் தீட்டும்போது நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார். பார்த்தே கற்றார் ரவிவர்மா. ராமசாமி நாயக்கர் மேல் கோபப்பட எனக்கு மனம் வருவதில்லை. தமக்குத் தெரிந்த ஒரு வித்தைதான் அவருக்கு அரண்மனைச் சோறு. மகாராஜாவின் செல்வாக்குப் பெற்ற ஒரு பிள்ளைக்கு அதைக் கொடுத்துவிட்டால் நாளை தம் கதி என்ன என்று அவர் அஞ்சியிருப்பார்.

கொட்டாரத்தில் ஓவியனுக்குக் கிடைப்பது விலை அல்ல, வெகுமதி. மன்னர் மனம் குளிர்ந்தால் பட்டும் சால்வையும் வரும்; பொற்சங்கிலி வரும்; பட்டம் வரும். ஆயில்யம் திருநாள் ரவிவர்மாவுக்கு வீரசிருங்கலை என்ற உயரிய விருதை அணிவித்தார். அந்த நாளில் அதைவிடப் பெரிய கௌரவம் இல்லை. ஆனால் வெகுமதிக்கு ஒரு குணம் உண்டு. அது கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. இன்று மலை போல் வரும். நாளை மன்னர் மாறினால் ஒன்றும் வராது. இவ்வளவு வேலைக்கு இவ்வளவு என்று கேட்கும் வாயும் அங்கே ஓவியனுக்குக் கிடையாது.

இந்த வழக்கத்திலிருந்து ரவிவர்மா விலகிய நாள் 1870ல் வந்தது. கொல்லூர் மூகாம்பிகை கோவிலில் 41 நாள் பஜனம் இருந்துவிட்டுத் திரும்பும் வழியில், கோழிக்கோட்டில் கிழக்கே பாலாட்டு கிருஷ்ண மேனோன் என்ற சப் ஜட்ஜ் தம் குடும்பத்தைப் படமாகத் தீட்டித் தரும்படி கேட்டார். கூலி பேசி ரவிவர்மா ஏற்றுக்கொண்ட முதல் வேலை அது என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அரச குடும்பத்து மருமகன், மாவேலிக்கரை அரண்மனையில் பெண் எடுத்தவர், ஓர் உத்தியோகஸ்தரிடம் வேலைக்குப் பணம் வாங்குவதா? படம் எழுதுவது கைத்தொழில் செய்வோர் வேலை. பெரிய குடும்பத்தார் பொழுதுபோக்காக வேண்டுமானால் செய்யலாம். பணம் வாங்கினால் கௌரவம் போயிற்று என்று நினைத்த காலம் அது. ரவிவர்மா அந்த எண்ணத்துக்குப் பணியவில்லை.

இங்கிலாந்தில் இந்தச் சங்கடம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்திருந்தது. லண்டனில் ஜோஷுவா ரெய்னால்ட்ஸ் என்ற பெரிய ஓவியர் தம் விலைகளை அளவு வைத்தே நிர்ணயித்திருந்தார். 1782 முதல், தலை மட்டும் என்றால் 50 கினி. அரை உருவம் 100 கினி. தலை முதல் கால் வரை 200 கினி. பிரபுவானாலும் வியாபாரியானாலும் அதே கணக்கு. முகத்தில் எவ்வளவு அழகு என்பதற்கோ, கேட்பவர் எவ்வளவு பெரியவர் என்பதற்கோ அங்கே தனி விலை இல்லை. பிற்காலத்தில் போட்டோ ஸ்டூடியோக்களும் இதே வழியில்தான் சென்றன. மார்பளவு, முழு உருவம், குரூப் என்று பலகை மாட்டி எழுதி வைத்தார்கள். வாசகர்களில் வயதானவர்களுக்கு அந்தப் பலகைகள் நினைவிருக்கும்.

அறிமுகமில்லாத ஊரில் நல்ல விலை சொல்ல வேண்டுமானால் கையில் ஓர் அத்தாட்சி வேண்டும். ரவிவர்மாவுக்கு அதைக் கொடுத்தவை கண்காட்சிகள். 1873ல் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகை சூடும் நாயர் பெண்ணின் படத்துக்குக் கவர்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே படம் வியன்னா சர்வதேசக் கண்காட்சியிலும் பாராட்டுப் பெற்றது. அடுத்த ஆண்டு, சரபத் வாசிக்கும் தமிழ்ப் பெண்ணின் படத்துக்குப் பரிசு. 1875ல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தபோது மகாராஜா அவருக்கு அளித்த காணிக்கைகளில் ரவிவர்மாவின் ஓவியங்களும் இருந்தன. 1876ல் தாமரை இலையில் காதல் கடிதம் எழுதும் சகுந்தலையைச் சென்னைக் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு வாங்கிக்கொண்டார்.

பிரபு அதோடு விடவில்லை. 1878ல் தம்முடைய முழு உருவத்தையே தீட்டும்படி ரவிவர்மாவை அழைத்தார். அதற்கு முன் ஓர் ஐரோப்பிய ஓவியருக்கு முன்னால் பதினெட்டு முறை உட்கார்ந்தும் திருப்தியான படம் கிடைக்கவில்லை என்று பிரபுவே சொல்லியதாக வரலாறு. ரவிவர்மா மிகக் குறைந்த அமர்வுகளிலேயே முகத்தைப் பிடித்துவிட்டார். குறைந்த நேரத்தில் முடிப்பவனுக்குக் குறைந்த பணம் போதும் என்று நினைப்பவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பதினெட்டு நாள் வேலையை நாலு நாளில் முடிக்கும் கைக்குப் பின்னால் பதினாறு ஆண்டுப் பழக்கம் இருக்கிறது என்பதை அவர்களுக்கு யார் எடுத்துச் சொல்வது?

பயணத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. இன்று தம்பானூரில் சீட்டு வாங்கி ஏறினால் மறுநாள் காலை சென்னை எழும்பூரில் இறங்கலாம். தம்பானூருக்கு ரயில் வந்ததே 1931ல்தான். ரவிவர்மா தொழில் நடத்திய காலத்தில் திருவனந்தபுரத்துக்கு ரயிலே இல்லை. 1876ல் திருநெல்வேலி வரை இருப்புப்பாதை வந்தது. அதைப் பிடிக்க இங்கிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மாட்டு வண்டியில் போக வேண்டும். வடக்கே போகக் காயல் வழியாக வள்ளம். ஆள் உயரத் துணிச் சட்டங்கள், வண்ணக் குழாய்கள், உதவியாட்கள், சமையற்காரர் என்று ஒரு சிறு பரிவாரமே உடன் கிளம்ப வேண்டும். இந்தச் செலவெல்லாம் படத்தின் விலைக்குள் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் ஓவியர் கைப்பணத்தைப் போட்டுப் பிரபுக்களுக்குப் பரிசு கொடுத்ததாக முடியும்.

1880ல் ஆயில்யம் திருநாள் மறைந்தார். அடுத்து வந்த விசாகம் திருநாளோடு ரவிவர்மாவுக்கு முன்போல் ஒட்டுறவு இல்லை. வெகுமதியை மட்டும் நம்பியிருந்தால் அத்தோடு அவர் கதை முடிந்திருக்கும். அவர் வெளியூர்களை நோக்கிப் புறப்பட்டார். அவருக்கு வழி காட்டியவர் கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவராவ். திருவிதாங்கூரில் திவானாக இருந்து, பிறகு பரோடா சமஸ்தானத்தின் திவானாகப் போயிருந்தவர். அவர் அழைப்பின் பேரில் ரவிவர்மா பரோடா சென்று, 1881 டிசம்பரில் முழு அதிகாரம் ஏற்ற இளம் மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடின் அரசவைக்காகப் பல படங்களைத் தீட்டினார்.

மாதவராவ் ஒரு நல்ல வியாபார யோசனையும் சொன்னார். 1884ல் எழுதிய கடிதத்தில், ரவிவர்மாவின் படங்களைக் கேட்போர் தொகை பெருகிவிட்டது, இரண்டு கைகளால் அத்தனை பேருக்கும் தீட்டிக் கொடுக்க முடியாது, ஆகவே தேர்ந்தெடுத்த சில படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சில் பிரதி எடுக்க வேண்டும் என்று அவர் அறிவுரை கூறினார். பிறகு நடந்தவற்றுக்கெல்லாம் வித்து அந்தக் கடிதம்.

அதற்கு முன், ரவிவர்மாவின் வாழ்க்கையில் மிகப் பெரிய ஒப்பந்தம் வந்தது. 1888ல் நீலகிரியில் கெய்க்வாட் அவரைச் சந்தித்து, பரோடாவில் கட்டிக்கொண்டிருந்த லட்சுமி விலாஸ் அரண்மனைக்காகப் புராணக் காட்சிகள் பதினான்கு தீட்டித் தரும்படி கேட்டார். பேசப்பட்ட தொகை ரூ. 50,000. படம் ஒன்றுக்கு ஏறத்தாழ ரூ. 3,570. பத்து, பதினைந்து ரூபாயில் ஒரு குடும்பம் மாதத்தை ஓட்டிய காலம் அது. கேட்டவர்கள் மூக்கில் விரல் வைத்திருப்பார்கள்.

அந்தத் தொகைக்குள் என்னென்ன அடங்கியிருந்தன என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும். புராண மாந்தருக்கு எந்த ஊர் உடையை உடுத்துவது என்ற கேள்வி எழுந்தது. நளனும் தமயந்தியும் மலையாளத்து முண்டு கட்டினால் பரோடாவில் ஏற்பார்களா? விடை தேடித் தம்பி ராஜராஜவர்மாவோடு வட இந்தியா முழுவதும் நெடும் பயணம் செய்தார். பழைய சிற்பங்களையும் மக்களின் உடையையும் ஊர் ஊராகப் பார்த்துக் குறித்துக்கொண்டார். இறுதியில், நாடெங்கும் ஏற்கத்தக்கதாக அவர் தேர்ந்தெடுத்தது புடைவை. திரும்பி வந்து, கூலிக்கு ஆட்களை அமர்த்தி, நிற்க வைத்து, உட்கார வைத்துத் தீட்டினார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த இரண்டு ஆண்டுகளில் வேறு எத்தனை பேருக்கு இல்லை என்று சொல்லியிருப்பார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

படங்கள் முடிந்ததும் நேரே பெட்டியில் அடைத்து அனுப்பிவிடவில்லை. முதலில் திருவனந்தபுரத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தார். பிறகு பம்பாயிலும் பரோடாவிலும் கூட்டம் கூட்டமாக வந்து ஜனங்கள் பார்த்தார்கள். அதுவரை கோவில் சுவரிலும் திரைச்சீலையிலும் கண்டிருந்த சீதையும் திரௌபதியும் தங்கள் வீட்டுப் பெண்களைப் போல நிற்பதைக் கண்டு மலைத்தார்கள். விளம்பரத்துக்கு ஒரு காசு செலவில்லாமல் அவர் பெயர் நாடெங்கும் பரவியது. பரோடாவுக்குக் கொடுத்த படங்களின் சாயலையே பின்னால் அச்சுப் படங்களுக்கும் பயன்படுத்திக்கொண்டார். படத்தை விற்றவர், அதன் வடிவத்தைத் திரும்ப எடுத்தாளும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. கல்யாண வீட்டாருக்கும் போட்டோகிராபருக்கும் இடையே இன்றும் சச்சரவு வருகிற இடம் இதுதான்; எடுத்த படம் யாருடையது?

ரவிவர்மாவின் காலம் போட்டோவின் காலமும்கூட என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அவர் பிறப்பதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1839ல், பாரிஸில் அந்தக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டுவிட்டது. 1856லேயே சென்னையில் போட்டோ கலைஞர்களின் சங்கம் இருந்தது. திருவிதாங்கூர் அரசே சக்கரியா டி குரூஸ் என்பவரைப் போட்டோகிராபராக வைத்து, நாட்டின் கோவில்களையும் காயல்களையும் அருவிகளையும் படம் பிடிக்கச் செய்தது. சில ரூபாய்க்குச் சட்டென்று முகம் கிடைக்கும்போது ஆயிரக்கணக்கில் கொடுத்து யார் தீட்டிக்கொள்வார்கள்?

ரவிவர்மா காமிராவைப் பகைக்கவில்லை, பக்கத்தில் வைத்துக்கொண்டார். சகோதரர்கள் இருவரும் போட்டோக்களைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். மறைந்தவர்களின் உருவத்தைத் தீட்டும்படி குடும்பத்தார் கேட்டால், கையளவு மங்கிய போட்டோவைப் பார்த்தே ஆள் உயர உருவத்தை எழுப்பினார்கள். அன்றைய போட்டோவில் நிறம் இல்லை; நாளாக ஆக வெளுத்தது. பட்டின் பளபளப்பும் தோலின் மாநிறமும் தூரிகைக்கே வசப்பட்டன. காமிரா தர முடியாத ஒன்றுக்கு அவர் விலை சொன்னார். அதனால் விலை நின்றது.

தொழிலில் அவருக்கு வாய்த்த பெரும் பேறு தம்பி. ராஜராஜவர்மாவும் கைதேர்ந்த ஓவியர்; பல படங்களின் பின்னணிக் காட்சிகள் அவர் கைவேலை. அதைவிட முக்கியம், ஆங்கிலக் கடிதப் போக்குவரத்தையும் வரவு செலவையும் பயண ஏற்பாட்டையும் அவரே கவனித்துக்கொண்டார். கிளிமானூருக்கு வந்து குவிந்த கடிதங்களால் அந்தச் சிற்றூரில் தபாலாபீஸே திறக்க நேர்ந்தது என்று சொல்வார்கள். தம்பி ஆங்கிலத்தில் எழுதி வைத்த நாட்குறிப்பு இன்று அச்சாகியிருக்கிறது. அதில் கலையைப் பற்றிய பேச்சோடு யாரைப் பார்க்கப் போனோம், எவ்வளவு காத்திருந்தோம் என்ற பேச்சும் கலந்து வருவதைக் காணலாம்.

காத்திருப்புக்கு ஐதராபாத் ஓர் உதாரணம். 1902ல் சகோதரர்கள் இருவரும் நிஜாமின் ஆணை கிடைக்கும் என்று நம்பி அங்கே சென்றார்கள். அங்கே அவர்களுக்கு ஆதரவாக இருந்தவர் நாடறிந்த போட்டோகிராபர் ராஜா தீனதயாள். இந்தூரில் மராமத்து இலாகாவில் வரைவாளராக வேலை பார்த்து, ஓய்வு நேரத்தில் காமிராவைக் கையாண்டு, பிறகு உத்தியோகத்தை உதறிவிட்டுச் சொந்தத் தொழிலில் இறங்கியவர் அவர். செகந்தராபாதிலும் பம்பாயிலும் ஸ்டூடியோ வைத்தவர். வைசிராய்க்கும் நிஜாமுக்கும் போட்டோகிராபர். பர்தா அணியும் பெண்களுக்கென்று தனி ஸ்டூடியோவும் நடத்தியவர். அப்பேர்ப்பட்டவர் துணையிருந்தும் காரியம் நடக்கவில்லை. நிஜாம் ஓவியர் முன்னால் உட்காரவே இல்லை. நாட்கள் ஓடின, தங்கும் செலவு ஏறியது, எதிர்பார்த்த பெரிய வேலை கைக்கு வராமல் ஏமாற்றத்தோடு திரும்பினார்கள். பரோடாவில் தொகை பேசிய பிறகு தூரிகை எடுத்தவர், ஐதராபாதில் நம்பிக்கையை முதலாக வைத்துப் போனார். ஐம்பத்து நாலு வயதில், புகழின் உச்சியில் இருந்தவருக்கும் இது நேர்ந்தது.

இதைவிடக் கடுமையான அடி அச்சுக்கூடத்தில் விழுந்தது. மாதவராவின் யோசனைப்படி படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்புவதற்குப் பதில், அச்சகத்தையே இங்கே கொண்டுவந்துவிட்டார் ரவிவர்மா. 1894ல் பம்பாயில், ஒரு பங்காளியோடு சேர்ந்து, ஜெர்மன் இயந்திரங்களையும் ஜெர்மன் நிபுணர்களையும் வரவழைத்து வண்ண அச்சகம் தொடங்கினார். முதலில் வெளிவந்தது சகுந்தலையின் பிறப்பைக் காட்டும் படம். பின்னர் லட்சுமி, சரஸ்வதி, ராமர், கிருஷ்ணர் என்று வரிசையாக வந்தன. மூவாயிரம் ரூபாய் கொடுத்து மன்னர் மட்டுமே மாட்டிக்கொள்ளக்கூடியதை, சில்லறைக் காசுக்குச் சாதாரணக் குடும்பம் வாங்கிச் சுவரில் மாட்டியது. கோவிலுக்குள் நுழைய அனுமதி இல்லாதிருந்த மக்களின் குடிசையிலும் தெய்வ உருவம் போய்ச் சேர்ந்தது. திருவிதாங்கூரில் கோவில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936ல்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

படங்கள் வெற்றி, வியாபாரம் தோல்வி. கல்லில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனியே அச்சு எடுக்கும் முறை அது. ஒரு படத்துக்கு எத்தனை வண்ணமோ அத்தனை கல். அத்தனை முறை தாள் இயந்திரத்துக்குள் போய் வர வேண்டும். கூலியும் காகிதமும் விலையை ஏற்றின. ஆயிரம் மைலுக்கு அப்பால் ஓவியர் வேறு வேலைகளில் அலைந்துகொண்டிருந்தார். அச்சகம் அங்கே தனியே ஓடியது. 1896ல் பம்பாயைப் பிளேக் நோய் பிடித்தது, ஊரே காலியாயிற்று. 1899ல் அச்சகத்தை லோனாவ்லாவுக்கு அருகே மலவ்லிக்கு மாற்றினார்கள். கடன் குறையவில்லை. புதிய நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளில், அங்கே வேலை பார்த்த ஷ்லைக்கர் என்ற ஜெர்மானிய நிபுணருக்கே அச்சகத்தை, படங்களை அச்சிடும் உரிமையோடு சேர்த்து விற்றுவிட்டார். அதன்பின் ரவிவர்மாவின் தெய்வங்கள் காலண்டரிலும் தீப்பெட்டியிலும் ஏறி எட்டுத் திசையும் போயின. ஓவியர் குடும்பத்துக்கு அதில் பங்கு இல்லை. ஒரு படத்துக்கு விலை சொல்லத் தெரிந்த மனிதருக்கு, ஆயிரம் பிரதிகளை விற்கும் கணக்கு கைகூடவில்லை. இரண்டும் வேறு வேறு தொழில்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1904ல் அரசாங்கம் அவருக்குக் கெய்ஸர்-இ-ஹிந்த் பதக்கம் வழங்கியது. அதற்கு முன்பே, 1900ல், அவருடைய பேத்திகள் இருவர் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குத் தத்து எடுக்கப்பட்டிருந்தார்கள். கூலி வாங்கிப் படம் எழுதியவரின் கொள்ளுப்பேரன் ஸ்ரீ சித்திரைத் திருநாள் பிற்பாடு அதே நாட்டின் மன்னரானார்.

மைசூர் மகாராஜா ஒன்பது புராணப் படங்களைக் கேட்டிருந்தார். அந்த வேலையின் நடுவே, 1905 ஜனவரியில், தம்பி ராஜராஜவர்மா நோயுற்றுக் காலமானார். கணக்கும் கடிதமும் வண்ணமும் பகிர்ந்துகொண்ட துணை போன பிறகு அண்ணனின் உடல்நலமும் குன்றியது. நீரிழிவு வாட்டியது. ஒப்புக்கொண்ட மைசூர்ப் படங்களை எப்படியோ முடித்துக் கொடுத்தார். 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி கிளிமானூரில் கண் மூடினார். வயது 58.

1979ல் இந்திய அரசு அவருடைய ஓவியங்களைத் தேசியக் கலைச் செல்வங்களாக அறிவித்தது; அவற்றை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. 2023ல் யசோதையும் கிருஷ்ணனும் இருக்கும் ஒரு படம் ஏலத்தில் ரூ. 38 கோடிக்குப் போயிற்று. பரோடாப் படங்கள் பதினான்குக்கும் சேர்த்து அவர் பேசிய தொகை அரை லட்சம்.

திருவனந்தபுரத்தில் மியூசியம் வளாகத்தில் அவருக்கென்றே ஓர் ஓவியக்கூடம் 2023ல் திறக்கப்பட்டிருக்கிறது. தம்பானூரிலிருந்து சில நிமிடப் பயணம். ஒரு நாள் ஒதுக்க முடிந்தவர்கள், எம்.சி. ரோடு வழியாகச் செல்லும் கொட்டாரக்கரைப் பஸ்ஸில் ஏறி, வெஞ்ஞாறமூடு கடந்து, சுமார் 40 கிலோ மீட்டரில் கிளிமானூரில் இறங்கலாம். அவர் நின்று தீட்டிய சித்திரசாலை அரண்மனை வளாகத்தில் இருக்கிறது.